பதினேழு விநாடி

போன வாரம் நண்பர் ஒருத்தர் ஒரு பழைய கறுப்பு வெள்ளை வீடியோவை அனுப்பி வச்சார். கூடவே ஒரு வரி: "இந்தக் காமெடியைப் பாத்தியா? இந்தாளு ஐரோப்பாவுக்கே சாம்பியனாம். சிரிச்சு மாளலை."

எனக்கு இந்த ஆளைத் தெரியும். ஸ்பெயின் நாட்டு ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரர் உர்தாயின். முழுப்பெயர் ஹோசே மானுவேல் இபார். உர்தாயின் என்பது அவர் வளர்ந்த பண்ணை வீட்டின் பெயர். அதையே ஊரும் உலகமும் அவருக்குப் பெயராக்கிவிட்டது. வீடியோவில் மனுஷன் இரண்டு கையையும் வீசுவதைப் பார்த்தால் மூட்டையை லாரியில் எறிகிற மாதிரி இருக்கும். எதிராளி விழுவான். கூட்டம் கத்தும்.

சிரிக்கிறவர்களைத் திட்டுவதற்கு முன்னால் ஒரு வாக்குமூலம். நானும் சிரித்தவன்தான். பல வருஷம் முன்னாடி நண்பர்கள் கூடும் இடத்தில், 'உலகத்திலேயே பெரிய டுபாக்கூர் சாம்பியன் யார்' என்று நானே கேள்வி கேட்டு, நானே இந்தப் பெயரைச் சொல்லி, கைத்தட்டலும் வாங்கியிருக்கேன். அதனால் இந்தப் பதிவு பாதி நண்பருக்கு, பாதி எனக்கு.

முதலில் கதைச் சுருக்கம். 1943-ல் ஸ்பெயினின் பாஸ்க் நாட்டுப் பகுதியில், கிப்புஸ்கோவா மாகாணத்தில் பிறந்தவர். செஸ்டோனா பக்கம் வளர்ந்தவர். அந்த ஊர்களில் கல் தூக்குவது பெரிய விளையாட்டு. நம்ம இளவட்டக்கல் கணக்காகத்தான், ஆனால் அங்கே இன்னும் உயிரோடு இருக்கு. உருண்டை, உருளை, கனசதுரம் என்று வகைவகையாகக் கல். நூறு கிலோவுக்கு மேல் சர்வ சாதாரணம். தரையிலிருந்து தொடைக்கு, தொடையிலிருந்து மார்புக்கு, மார்பிலிருந்து தோளுக்கு. குறித்த நேரத்துக்குள் எத்தனை முறை தோளுக்கு ஏற்றினாய் என்பதுதான் கணக்கு. சுற்றி நிற்பவர்கள் பந்தயம் கட்டுவார்கள். உர்தாயின் இதில் பெயர் எடுத்தவர்.

பாஸ்க் பக்கத்திலிருந்து இப்படி ஒருத்தர் வருவது முதல் தடவையும் இல்லை. அதே மாகாணத்தின் பாவுலினோ உஸ்குடுன், மரம் வெட்டும் போட்டியிலிருந்து குத்துச்சண்டைக்கு வந்தவர். 1933-ல் ரோமில் முசோலினி முன்னிலையில் பிரைமோ கார்னேராவோடு உலகப் பட்டத்துக்கு மோதினார். 1935-ல் நியூயார்க்கில் ஜோ லூயிஸிடம் 4வது ரவுண்டில் வீழ்ந்தார். அதற்கப்புறம் முப்பது வருஷத்துக்கு மேல் ஸ்பெயினுக்கு அந்த அளவு ஹெவிவெயிட் கிடையாது. ஆக, ஒரு காலி நாற்காலி ரெடியாக இருந்தது. உட்கார வைக்க ஒரு பலசாலிதான் தேவை.

1968 ஜூலையில், இருபத்தஞ்சு வயசில், உர்தாயினை மேடை ஏற்றினார்கள். முதல் சண்டை 17 விநாடியில் முடிந்தது. அதற்குப் பிறகு வரிசையாக இருபத்துச் சொச்சம் நாக்அவுட். எதிராளிகள் பட்டியலை எடுத்துப் பாருங்கள். தீவிர குத்துச்சண்டை ரசிகனுக்கே பாதிப் பெயர் தெரியாது. விழுவதற்கென்றே கூட்டிவந்த ஆட்கள் என்று அப்பவே பேச்சு எழுந்துவிட்டது. 'டோங்கோ' என்பார்கள் ஸ்பானிஷ்காரர்கள். செட்டப் சண்டை.

இந்த இடத்தில்தான் எல்லாரும் சிரிக்கிறோம். "கேட்டியா, எல்லாம் செட்டப்!"

சரிய்யா, செட்டப் என்றே வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு கேள்வி. எதிராளியைத் தேர்ந்தெடுத்தது யார்? உர்தாயினா? நேற்று வரை கல் தூக்கிக்கொண்டிருந்த மனுஷன் ஐரோப்பா முழுக்க ஏஜென்ட் வைத்து ஆள் பிடித்தாரா? டிக்கெட் விற்றது யார், கணக்கு எழுதியது யார், எந்த ஊரில் எந்தத் தேதி என்று முடிவு செய்தது யார்? அவர்கள் பெயரெல்லாம் உங்களுக்குத் தெரியுமா? தெரியாது. சிரிப்பு மட்டும் மேடையில் நின்றவன் தலையில்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கு. நான் இத்தனை வருஷம் கவனிக்காமல் விட்டது அதைத்தான்.

கல் தூக்குவதும் குத்துவதும் ஒன்றுக்கொன்று ஆகாத வேலை. கல் தூக்குகிறவனுக்கு முதுகும் தொடையும் இறுக வேண்டும், மூச்சை அடக்கி ஒரே இடத்தில் வேர் விட்டு நிற்க வேண்டும். குத்துச்சண்டைக்காரனுக்குத் தோள் தளர்ந்திருக்க வேண்டும், கை போன வேகத்தில் திரும்பி வர வேண்டும், கால் நிற்கவே கூடாது, தலை ஒரே இடத்தில் இருக்கவே கூடாது. எல்லாத்துக்கும் மேல, கல்லு திருப்பி அடிக்காது.

இந்த வித்தியாசத்தை உடம்புக்குச் சொல்லித்தர வருஷக்கணக்கில் ஆகும். வழக்கமாக எப்படி நடக்கும்? சின்ன வயசில் அமெச்சூர் சண்டைகள். பிறகு தொழில்முறையில் 4 ரவுண்டு, 6 ரவுண்டு, 8 ரவுண்டு என்று படிப்படியாக. எதிரில் நிற்பவன் பட்டம் வாங்கப் போகிறவனாக இருக்க மாட்டான். ஆனால் விழவும் மாட்டான். கட்டிப் பிடிப்பான், தள்ளுவான், களைப்படைய வைப்பான், ஏமாற்றி அடிப்பான். அவன்தான் வாத்தியார். அவனிடம் எட்டு ரவுண்டு அடி வாங்கி ஜெயிக்கிறவன்தான் தொழில் கற்றவன்.

17 விநாடியில் என்ன கற்க முடியும்? கையுறை வேர்க்கக்கூட நேரம் பத்தாதே!

ஆக, அந்த நாக்அவுட் வரிசையில் ஏமாந்த முதல் ஆள் டிக்கெட் வாங்கியவன் கிடையாது. அவனுக்காவது ஒரு ராத்திரி கூத்து கிடைத்தது. ஏமாந்தது உர்தாயின். அவரிடமிருந்து திருடியது கற்றுக்கொள்ளும் காலத்தை. காசு போனால் சம்பாதிக்கலாம். இருபத்தஞ்சு வயசிலிருந்து இருபத்தேழு வயசு வரை ஒரு ஹெவிவெயிட்டுக்குக் கிடைக்க வேண்டிய பாடங்களை எங்கே போய்ச் சம்பாதிப்பது? ஏன் கொடுக்கவில்லை என்றால், பாடம் விற்காது. எட்டு ரவுண்டு மூச்சு வாங்கி பாயின்ட்டில் ஜெயிக்கிற சண்டை போஸ்டருக்கு ஆகாது. 17 விநாடி ஆகும்.

எவ்வளவு விற்றது என்பதற்கு ஒரு சாட்சி. 1968-ல் அதே ஜூலை மாதம், கியூபாவிலிருந்து வந்து ஸ்பெயின் குடிமகனான ஹோசே லெக்ரா என்ற கறுப்பின வீரர், வேல்ஸில் போய் ஹவர்ட் வின்ஸ்டோனை 5வது ரவுண்டில் நிறுத்தி ஃபெதர்வெயிட் உலகப் பட்டத்தையே தூக்கிக்கொண்டு வந்தார். கால் வேகத்தைப் பார்த்துவிட்டு சின்ன காஸியஸ் கிளே என்று கொஞ்சினார்கள். அசல் தொழில் தெரிந்த கை. ஆனால் அடுத்த ரெண்டு வருஷம் ஸ்பெயின் யார் பின்னால் பைத்தியமாக ஓடியது? இன்னும் தொழில் பழகாத பாஸ்க் பலசாலியின் பின்னால். 1969-லேயே, அவர் எந்தப் பெரிய பட்டமும் வாங்குவதற்கு முன்னாலேயே, மானுவேல் சம்மர்ஸ் அவரை வைத்துப் படம் எடுத்துவிட்டார். 'உர்தாயின், காட்டு ராஜா... அல்லது அது மாதிரி' என்பது தலைப்பின் பொருள். கவனிச்சீங்களா அந்தக் கடைசித் துண்டை? தூக்கி வைக்கும்போதே ஒரு நமட்டுச் சிரிப்பு. அவரைக் கொண்டாடிய ஸ்பெயின் முழுக்க இந்தத் தலைப்புக்குள் அடக்கம்.

காலத்தையும் பாருங்க. பிராங்கோ ஆட்சி. நாட்டில் இருந்த ஒரே தொலைக்காட்சி அரசாங்கத்துடையது. 1968 ஆகஸ்டில், அதாவது உர்தாயின் முதல் சண்டை போட்ட அடுத்த மாசம், ஈட்டா அமைப்பு ஒரு போலீஸ் அதிகாரியைக் கொன்றதும் அதே கிப்புஸ்கோவா மாகாணத்தில் விசேஷ நிலை அறிவித்தார்கள். நினைத்தவரைப் பிடித்து அடைக்கலாம். 1970 டிசம்பரில் பூர்கோஸ் ராணுவ நீதிமன்றத்தில் 16 பேர் மீது வழக்கு, 6 பேருக்கு மரண தண்டனை என்று தீர்ப்பு. உலகம் முழுக்க எதிர்ப்பு கிளம்பியதும் தண்டனையைக் குறைத்தார்கள். இரண்டுக்கும் நடுவில், ஸ்பெயின் கொடிக்குக் கீழே கையுறையோடு சிரிக்கிற ஒரு பாஸ்க் விவசாயி வீட்டுப் பிள்ளை. பாஸ்க் மொழியை அமுக்கி வைத்திருந்த ஒரு அரசாங்கத்துக்கு இதைவிட வசதியான முகம் எங்கே கிடைக்கும்? யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. திட்டமே தேவையில்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் பாய் விரிக்கத் தெரிந்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

1970 ஏப்ரல் 3, மாட்ரிட். ஜெர்மனியின் பீட்டர் வைலாண்டை 7வது ரவுண்டில் சாய்த்து உர்தாயின் ஐரோப்பிய சாம்பியன் ஆகிறார். கையுறை மாட்டி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. நாடே தலைகால் புரியாமல் ஆடுது.

ஏழே மாசம். 1970 நவம்பர், லண்டன் வெம்ப்ளி. எதிரில் ஹென்றி கூப்பர். வயசு 36. 1952 ஒலிம்பிக்கில் ஆடியவர், 1954-லிருந்து தொழில்முறையில் இருப்பவர், 1963-ல் இடதுகைக் கொக்கியால் காஸியஸ் கிளேயையே தரையில் உட்கார வைத்தவர். கணக்கு போடுங்க. கூப்பருக்கு 16 வருஷம் தொழில். உர்தாயினுக்கு 2 வருஷம் 4 மாசம். 9வது ரவுண்டில் ஆட்டம் முடிந்தது, பட்டம் போனது.

அவ்வளவுதான். நேத்து வரை காட்டு ராஜா, இன்னைக்கு டுபாக்கூர். அதே பத்திரிகை, அதே நாற்காலி, அதே சுருட்டு.

இப்ப நண்பரின் காமெடிக்கு வருவோம். டுபாக்கூர் என்றால் என்ன அர்த்தம்? உள்ளே சரக்கே இல்லை என்று. இருந்ததா இல்லையா, பார்த்துவிடுவோம். 1970 ஜூனில் பார்சலோனாவில் யூர்கன் பிளினை உர்தாயின் பாயின்ட்டில் ஜெயித்து பட்டத்தைக் காப்பாற்றினார். யார் பிளின்? அடுத்த வருஷ டிசம்பரில் சூரிச்சில் முகமது அலியோடு 7வது ரவுண்டு வரை நின்றவர். 17 விநாடியில் விழுகிற கேஸா அது?

அடுத்து ஜாக் பொடெல். 1971-ல் ஜோ பக்னரைத் தோற்கடித்து ஐரோப்பிய சாம்பியன் ஆனவர். பக்னர் யாரு? பின்னாளில் அலியோடு ஒருமுறை 12 ரவுண்டு, இன்னொருமுறை 15 ரவுண்டு முழுசாக ஆடியவர். அந்த பொடெலை 1971 டிசம்பரில், மாட்ரிட்டில், இரண்டாவது ரவுண்டிலேயே படுக்க வைத்து பட்டத்தை மறுபடி வாங்கினார் உர்தாயின். அதற்கு ஒரு மாசம் முன்னால்தான் பொடெல் ஜெர்ரி குவாரியிடம் முதல் ரவுண்டில் சுருண்டவர் என்பதையும் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு யாரும் என்னைப் பிடித்துக் கேட்கக்கூடாது. ஆனாலும் ஐரோப்பிய பட்டம் பட்டம்தான். அதுவும் ஒரு முறை தோற்றவன், ஊரே சிரித்தவன், திரும்பி வந்து வாங்கிய பட்டம்.

1972 ஜூனில் அதே பிளின் திரும்பி வந்து பாயின்ட்டில் அதைப் பறித்தார். 1977 மார்ச்சில் ஆண்ட்வெர்ப்பில் ஜான் பியர் கூப்மனிடம் 4வது ரவுண்டில் தோற்றதோடு உர்தாயின் கையுறையைக் கழற்றினார். கூப்மனும் அதற்கு முந்தின வருஷம் அலியோடு உலகப் பட்டத்துக்கு ஆடியவர். கூப்பர், பிளின், கூப்மன். அலியின் எதிரில் நின்ற மூன்று பேர் எதிரில் இவரும் நின்றிருக்கார். ஒருத்தரை ஜெயித்தும் இருக்கார். ஐம்பதுக்கு மேல் வெற்றி. பாடமே சொல்லித்தராமல் பரீட்சைக்கு அனுப்பிய மாணவன் இத்தனை மார்க் எடுத்திருக்கான் என்றால், ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்திருந்தால் என்ன எடுத்திருப்பான்? என்னைத் தூங்க விடாதது இந்தக் கேள்விதான். இதற்கு இனி பதில் கிடையாது. அந்தப் பதிலைத்தான் களவாடிவிட்டார்களே.

"எல்லாம் சரி, வந்த காசைக் காப்பாத்தத் தெரியலையே, அது யார் தப்பு?" இது நண்பரின் இரண்டாவது மெசேஜ். பட்டிக்காட்டான், குடி, கூத்து, ஊதாரி. எந்த நாட்டு குத்துச்சண்டை வீரர் செத்தாலும் இந்த நாலு வார்த்தையைப் போட்டுக் கட்டுரையை முடித்துவிடலாம்.

கூப்பருக்கும் காசு போச்சு சாமி. லாய்ட்ஸ் காப்பீட்டு முதலீட்டில் நஷ்டப்பட்டு, 1993-ல் தான் ஜெயித்த மூன்று லான்ஸ்டேல் பெல்ட்களையும் ஏலத்தில் விற்றார். ஆனால் யாரும் அவரை ஊதாரி என்று எழுதவில்லை. 2000-ல் சர் பட்டம் கொடுத்தார்கள். 2011-ல் இறக்கும்வரை இங்கிலாந்தின் செல்லப் பிள்ளை. ஏன்? அவரை விநாடிக்கணக்கில் உருவாக்கவில்லை. அவர் தோற்றதும் ஊர் கண்ணெதிரே, ஜெயித்ததும் ஊர் கண்ணெதிரே. காசு போனாலும் மிஞ்சுவதற்கு மரியாதை இருந்தது. உர்தாயினுக்குக் காசு வந்தபோதே மரியாதை வரவில்லை. கைதட்டல் மட்டும்தான் வந்தது. இரண்டும் வேற வேற அய்யா.

இதில் கண்ணியவான்களின் பங்கையும் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. பிராங்கோ 1975-ல் போய்ச் சேர்ந்தார். 1976-ல் 'எல் பாயிஸ்' பத்திரிகை வந்தது. புது ஸ்பெயினின் குரல், நல்ல பத்திரிகை, மறுக்கவில்லை. அவர்கள் தங்கள் நடைக் கையேட்டில் ஒரு விதி வைத்தார்கள். குத்துச்சண்டைப் போட்டிச் செய்திகளைப் போடுவதில்லை, வீரருக்கு விபத்து நேர்ந்தாலோ அந்த உலகத்தின் அசிங்கத்தைக் காட்டுவதாக இருந்தாலோ மட்டும் போடலாம். நோக்கம் நல்ல நோக்கம்தான். ஆனால் அந்த விதியைக் குத்துச்சண்டை வீரனின் பக்கம் நின்று படியுங்கள். 'நீ ஜெயித்தால் நாங்கள் பார்க்க மாட்டோம். நீ அடிபட்டால் சொல்லி அனுப்பு.' கண்ணை மூடிக்கொள்வதற்கு மனசாட்சி என்று பெயர் வைத்தால் எப்படி? தொழிலைச் சுத்தம் செய்யக் கேள்வி கேட்க வேண்டியவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கினால், உள்ளே இருக்கிற தரகனுக்குக் கொண்டாட்டம்தானே?

ஆட்டத்தை விட்டபின் உர்தாயினுக்குக் கையில் என்ன தொழில்? கல்லா? அதை இருபத்தஞ்சு வயசில் விட்டாச்சு. குத்துச்சண்டையா? அதை முழுசாகச் சொல்லிக்கொடுக்கவே இல்லை, பிறகு இன்னொருத்தனுக்கு எப்படிச் சொல்லித்தருவது? மிச்சம் இருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு பதினைந்து வருஷம் ஓட்டினார். கடன், தனிமை, மனச்சோர்வு.

1992 ஜூலை 21. மாட்ரிட்டில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். வயசு 49. நாலு நாள் கழித்து பார்சலோனாவில் ஒலிம்பிக் தொடக்க விழா. ஸ்பெயின் உலகத்துக்குத் தன் புது முகத்தைக் காட்ட மேக்கப் போட்டு முடித்திருந்த வாரம். அந்த வாரத்தில் பழைய முகம் ஒன்று இப்படிப் போனது. விபத்து நேர்ந்தால் போடலாம் என்ற விதிப்படி, இப்போது எல்லாப் பத்திரிகையிலும் இடம் கிடைத்தது.

2008-ல் அனிமலாரியோ நாடகக் குழு அவர் கதையை மேடை ஏற்றியது. ராபர்ட்டோ ஆலமோ உர்தாயினாக நடித்தார். மரணத்தில் ஆரம்பித்துப் பின்னோக்கிப் போகிற நாடகம். பெரிய பாராட்டு, விருதுகள். சந்தோஷம்தான். கலைஞர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்கள்தான் கடைசியில் அந்த மனுஷனை மனுஷனாகப் பார்த்தார்கள். ஆனால் நாடகம் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்ட அதே நாட்டில் இன்னொருத்தர் உயிரோடு இருந்தார். பெரிக்கோ பெர்னாண்டஸ். சரகோசாவில் அநாதை விடுதியில் வளர்ந்து 1974-ல் உலக சாம்பியன் ஆனவர். வறுமையில் கிடந்து, ஞாபகமும் போய், 2016-ல் செத்தார். செத்தவனுக்கு அழுவது சுலபம், அவன் கடன் கேட்க மாட்டான்.

நண்பருக்கு நேற்று ராத்திரி பதில் எழுதினேன். "வீடியோவைத் திரும்பப் பாருங்க. விழுகிறவனைப் பார்க்காதீங்க, அடிக்கிறவனைப் பாருங்க. எதிராளி விழுந்ததும் அடுத்து என்ன செய்யணும்னு தெரியாம நிக்கிற ஒரு பையன் தெரிவான். யாரும் அவனுக்குச் சொல்லித்தரலை. அதைப் பாத்துட்டுச் சிரிப்பு வந்தா சிரிங்க."

இன்னும் பதில் வரவில்லை. மெசேஜைப் பார்த்துவிட்டார் என்று மட்டும் போன் காட்டுது.

டிஸ்கி: குத்துச்சண்டையையே தடை செய்யணும் என்று சொல்கிறவர்கள் தனியாக வாங்க, தனியாகச் சண்டை போடுவோம். நான் இன்னமும் ரசிகன்தான். ஆனால் இனிமேல் யாராவது புதுப் பையன் வரிசையாக முதல் ரவுண்டில் நாக்அவுட் அடிக்கிறான் என்றால் கைதட்ட மாட்டேன். அவனுக்கு யார் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேட்பேன்.